படுவான்கரை வெளிச்சம்: பறக்கும் தட்டுக்கு ஏலியன் அல்லாத விளக்கங்கள்

2004ஆம் ஆண்டு பங்குனி மாதம். மண்முனையில் அப்போது பாலம் இல்லை, ஆற்றைக் கடக்கப் 'பாதை'தான். மட்டக்களப்பில் பாதை என்றால் றோட்டு இல்லை. ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. வாவியையும் நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஆரையம்பதியிலிருந்து என் பெரியப்பா இறாலுக்குத் தோணியில் போயிருந்தார். இரவு ஒன்பது மணி இருக்கும். மேற்கே, வாவியின் மறுகரையான படுவான்கரையில், மகிழடித்தீவுப் பக்கம், கண்டல் மரங்களுக்கு மேலே ஒரு வெளிச்சம். பெற்றோல்மக்ஸ் லாம்பைத் தூக்கிப் பிடித்த மாதிரி. சிவக்கும், பச்சையாகும், பிறகு வெள்ளையாகும். தோணியை நகர்த்தினால் அதுவும் கூடவே வந்தது, நிறுத்தினால் நின்றது. அரை மணித்தியாலத்தில் மரங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

மறுநாள் காலையில் அந்த வெளிச்சத்துக்கு நாலு பெயர் கிடைத்தது. பெரியப்பா முதலில் நினைத்தது ஆமி வானத்தில் விடுகிற, மெல்ல இறங்கும் பரா லைற் என்று. புலிகள் இயக்கம் இரண்டாகப் பிளந்த மாதம் அது; இரவில் என்ன வெளிச்சம் தெரிந்தாலும் நெஞ்சு முதலில் அந்தப் பக்கம்தான் போகும். பெரியம்மா கொள்ளிவாய்ப் பேய் என்றா. இறால் வாங்க வந்த காத்தான்குடி முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, ஜின் என்றார். ஏ.எல். படித்துக்கொண்டிருந்த அண்ணன் மட்டும் பறக்கும் தட்டு என்றான். அவனுடைய விளக்கத்தைத்தான் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள்.

பறக்கும் தட்டு என்றதும் இன்று எல்லோருக்கும் வேற்றுக்கிரகம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்த விஷயத்தையே ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர்களில் ஒரு கூட்டம், இவை வேறு கிரகத்திலிருந்து வரவில்லை, ஏதோ ஒரு விதத்தில் இங்கேயே இருப்பவை, பேய், தேவதை, ஜின் என்று முன்னோர் சொன்னதும் இதைத்தான் என்று வாதாடி வந்திருக்கிறது. அதாவது எங்கள் பெரியம்மாவின் கட்சி. மேற்கில் அது புத்தகமாக வந்தபோது பெரிய புதுமை என்றார்கள்.

இந்தக் கதை வழக்கமாக 1947 ஜூன் 24இல் தொடங்கும். அமெரிக்காவின் ரெய்னியர் மலைப்பக்கம் விமானத்தில் போன கென்னத் ஆர்னல்ட் என்பவர் ஒன்பது பொருள்கள் வேகமாகப் போவதைக் கண்டார். தண்ணீரில் தட்டை எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அப்படிப் போயின என்றார். அவர் சொன்னது போன விதத்தை. பத்திரிகைகள் அதையே வடிவமாக்கி 'பறக்கும் தட்டு' என்று தலைப்புப் போட்டன. பிறகு வந்தவர்கள் தட்டைத்தான் கண்டார்கள்! பெயர் முந்திக்கொண்டது, காட்சி பின்னால் வந்தது.

இதைக் கூர்ந்து கவனித்தவர் ஜாக் வலே. 1939இல் பிரான்சில் பிறந்த வானியலாளர், கணினி விஞ்ஞானி. தொடக்கத்தில் அவரும் வேற்றுக்கிரகக் கட்சிதான். 1969இல் அவர் எழுதிய நூல் பாதை மாறியது. பறக்கும் தட்டு சாட்சியங்களையும் ஐரோப்பிய நாட்டார் கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே அச்சில் இருக்கின்றன என்பது அவர் வாதம். ஒன்பதாம் நூற்றாண்டில் லியோன் நகரத்து ஆயர் அகோபார்ட் எழுதி வைத்த குறிப்பு ஒன்றை அவர் எடுத்துக்காட்டினார். மகோனியா என்ற நாட்டிலிருந்து மேகங்களில் கப்பல்கள் வருகின்றன, ஆலங்கட்டி மழையில் விழுந்த விளைச்சலை அள்ளிக்கொண்டு போகின்றன என்று அக்காலச் சனங்கள் நம்பினார்களாம். அப்படி ஒரு கப்பலிலிருந்து விழுந்தவர்கள் என்று மூன்று ஆண்களையும் ஒரு பெண்ணையும் பிடித்துக் கட்டி வைத்துக் கல்லெறியப் போனார்கள், அகோபார்ட் தலையிட்டார்.

வலேயின் நூலில் எனக்கு மிகவும் பிடித்தது ரொட்டிக் கதை. 1961 ஏப்ரல் 18. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஈகிள் ரிவர் என்ற ஊர். ஜோ சைமன்டன் என்ற கோழிப்பண்ணைக்காரரின் முற்றத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு பொருள் இறங்கியது. உள்ளே இருந்த ஒருவன் குடுவையை நீட்டித் தண்ணீர் கேட்டான். இவர் நிரப்பிக் கொடுத்தார். உள்ளே இன்னொருவன் நெருப்பில்லாத அடுப்பில் ஏதோ சுட்டுக்கொண்டிருந்தான். அதில் சிலதை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். துளை துளையாகச் சின்ன ரொட்டிகள். ஒன்றைத் தின்று பார்த்தார்; காட்போட் மட்டை மாதிரி இருந்ததாம். அமெரிக்க விமானப்படை ரொட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியது. வந்த முடிவு: கொழுப்பு, மாவு, கோதுமைத் தவிடு, சோயாத் தோல். சாதாரண ரொட்டி.

சாதாரண ஆள் இதைக் கேட்டால், மனுசன் புளுகியிருக்கிறார் என்று போய்விடுவார். வலே நின்று யோசித்தார். வந்தவர்கள் தண்ணீர் கேட்டு, பதிலுக்குப் பண்டம் கொடுப்பது அயர்லாந்து, பிரிட்டனி தேவதைக் கதைகளில் அப்படியே இருக்கிறது. அந்தத் தேவதைகள் உப்புச் சேர்க்காதவை; ரொட்டிப் பரிசோதனைப் பட்டியலிலும் உப்பு இல்லை. எங்களுக்கும் இது அந்நியமில்லை. பொரித்த மீனையோ இறைச்சியையோ இருட்டில் கொடுத்தனுப்பும்போது கரித்துண்டோ இரும்போ வைத்தனுப்புகிற பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது, பேய் பின்னால் வரும் என்று. அயர்லாந்தில் தேவதையை அண்டவிடாததும் இரும்புதான். இந்த ஒற்றுமைகளை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். அவை உண்மையான ஒற்றுமைகள். கேள்வி, அவை எதற்குச் சாட்சி என்பதுதான்.

1990இல் வலே தன் வாதத்தை ஐந்து காரணங்களாகச் சுருக்கினார். இரண்டு காரணம் இன்றும் கனமானவை. ஒரு கிரகத்தை ஆராய வந்தவர்கள் இத்தனை ஆயிரம் தடவை இறங்கி மண் அள்ளத் தேவையில்லை. இன்னொரு கிரகத்தில் கூர்ப்படைந்த உயிர் இரண்டு கால், இரண்டு கை, முகத்தில் இரண்டு கண்ணோடு நம்மைப் போலவே வந்து நிற்பது நம்பக்கூடியதாக இல்லை. இவை வேற்றுக்கிரகக் கட்சிக்குப் பலத்த அடி. ஆனால் அடுத்த படியில் வலே சறுக்குகிறார் என்றே நினைக்கிறேன். ஏலியன் இல்லை என்றால் வேறு பரிமாணத்து அறிவு ஒன்று மனித நம்பிக்கைகளை மெல்ல மெல்லத் திருத்திக்கொண்டிருக்கிறது என்று போகிறார். கதைகளின் அச்சு ஒன்றாயிருப்பதற்கு, கதை சொல்லும் மனிதன் ஒன்றாயிருப்பது போதாதா?

போதும் என்பதற்கு நல்ல உதாரணம் அமுக்குவான். நடுச்சாமத்தில் விழிப்பு வரும். கண் திறந்திருக்கும், கைகால் அசையாது, நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்திருக்கும், அறைக்குள் யாரோ நிற்பது தெரியும். கனவு காணும் நித்திரையில் உடம்பு ஆடாமலிருக்க மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அது விலகுமுன் விழிப்பு வந்துவிட்டால் இந்த நிலை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் இதைக் கிழவி வந்து அமுக்குகிறாள் என்பார்கள். டேவிட் ஹஃபர்ட் என்ற நாட்டாரியல் ஆய்வாளர் 1982இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அந்தக் கிழவி கதையைக் கேள்விப்படாதவர்களும் அதே அனுபவத்தைச் சொன்னார்கள் என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு. அப்படியென்றால் அனுபவம் உடம்பிலிருந்து வருகிறது, பெயர் ஊரிலிருந்து வருகிறது. அதே அசைவின்மை, அதே உருவம், அதே பயம், அமெரிக்கப் படுக்கையறையில் 1980களில் சாம்பல் நிற ஏலியன் கடத்தலாக மாறியது. கடத்தல் கதைகள் எல்லாம் இதுதான் என்று சொல்லவில்லை, படுக்கையில் தொடங்குகிறவற்றில் நல்ல பங்கு இதுதான்.

ஜோன் கீல் என்ற அமெரிக்க எழுத்தாளர் வலேயை விட ஒரு படி மேலே போனார். வந்து போகிறவர்கள் வேற்றுக்கிரகத்தார் அல்ல, இந்தப் பூமியிலேயே நம் கண்ணுக்குப் படாத இன்னொரு படித்தரத்தில் இருப்பவர்கள், மனிதரை ஏமாற்றுவதே அவர்கள் தொழில் என்றார். அவருடைய புகழுக்குக் காரணம் மேற்கு வேர்ஜினியாவின் பொயின்ற் பிளெசன்ற் என்ற சிற்றூர். 1966, 67இல் அங்கே சிவந்த கண்ணும் சிறகும் உடைய உருவத்தையும் வானத்தில் வெளிச்சங்களையும் கண்டதாகப் பலர் சொன்னார்கள். 1967 டிசெம்பர் 15இல் அங்கிருந்த சில்வர் பாலம் இடிந்து ஆற்றில் விழுந்தது, 46 பேர் செத்துப்போனார்கள். அதோடு முந்திய ஆண்டுக் காட்சிகள் எல்லாம் அறிகுறியாகிவிட்டன. பாலத்தைத் தாங்கிய இரும்புக் கண்ணி ஒன்றில் சிறு வெடிப்பு இருந்தது என்பது விசாரணையில் தெரிந்த காரணம்.

கீலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டு நினைவுதான் வரும். 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தது. நாவலடி, கல்லடி, திருக்கோவில், கல்முனை, மருதமுனை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் உயிர் போனது. சில மாதம் கழித்து பெரியம்மா சொன்னா, "அண்டைக்கு உங்கட பெரியப்பா கண்ட வெளிச்சம் சும்மா இல்ல மனே. கடல் வரப்போகுது எண்டு காட்டினது." ஒன்பது மாதத்துக்கு முன், கடலுக்கு எதிர்ப்பக்கம், மேற்கே கண்ட வெளிச்சம். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இழப்புக்கு முன்னால் யாராவது எச்சரித்திருக்க வேண்டும் என்று மனம் ஆசைப்படுகிறது. அந்த ஆண்டு எதுவும் நடக்காமல் போயிருந்தால் அந்த வெளிச்சம் இறால் கதைகளோடு ஒரு கதையாகப் போயிருக்கும்.

நானா சொன்ன ஜின் விளக்கத்துக்கும் மேற்கில் ஆள் இருந்தார். பறக்கும் தட்டு ஆய்வுக்கென்றே பிரிட்டனில் வந்த பழைய சஞ்சிகை ஒன்றின் ஆசிரியராக இருந்த கோர்டன் கிரைட்டன், முன்னாள் இராஜதந்திரி, பல மொழி தெரிந்தவர், இவை ஜின்களே என்று எழுதினார். குர்ஆன் ஜின்களைப் புகையற்ற நெருப்பிலிருந்து படைக்கப்பட்டவை என்கிறது. மனிதர் அவற்றைக் காணாவிட்டாலும் அவை மனிதரைக் காணும். வெளிச்சமாக வருவது, திடீரென மறைவது, உருவம் மாறுவது எல்லாம் பொருந்துகிறது என்பது அவர் எண்ணம். கிறிஸ்தவர்களில் சிலர் இதே இடத்தில் சாத்தானைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். பூமிக்கடியில் மறைந்து வாழும் நாகரிகம் என்ற கருத்து 2024இல்கூட அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கட்டுரையாக வந்தது. நாகலோகத்தைச் சொல்லியே வளர்ந்தவர்களுக்கு அது ஆச்சரியம் தராது. என் பார்வையில் இந்த விளக்கங்களின் சிக்கல் அவை மதம் சார்ந்தவை என்பதல்ல. எதைக் கண்டாலும் பொருந்திவிடுகின்றன என்பதுதான். வட்டமாக வந்தாலும் ஜின், நீளமாக வந்தாலும் ஜின், வராவிட்டாலும் ஜின். நானாவுக்கு ஜின் மேல் நம்பிக்கை வந்தது அந்த வெளிச்சத்தால் இல்லை, அது இல்லாவிட்டாலும் அவர் நம்புவார். அவ்வளவில் அவர் கிரைட்டனை விட நேர்மையானவர்.

இராவணனின் புஷ்பக விமானத்தையும் இங்கே இழுத்து வருகிறவர்கள் உண்டு. விமானம் கட்டும் சூத்திரம் என்று காட்டப்படும் வைமானிக சாஸ்திரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொல்லி எழுதப்பட்டது. 1974இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் ஆராய்ந்து, அதில் உள்ள எதுவும் பறக்காது என்று முடித்துவிட்டார்கள். பொலன்னறுவைப் பக்கம் தானிகல என்ற வட்டப் பாறையை ஏலியன் மலை என்று சொல்லிச் சுற்றுலாவுக்கு ஆள் சேர்ப்பதையும் இந்தக் கணக்கிலேயே விட்டுவிடலாம்.

பெரியம்மாவின் கொள்ளிவாய்ப் பேய்க்கு வருவோம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1966 மார்ச்சில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சதுப்பு நிலங்களுக்கு மேலே வெளிச்சங்களைக் கண்டதாகப் பலர் சொன்னார்கள். விமானப்படையின் ஆலோசகர், வானியலாளர் அலன் ஹைனெக் போய்ப் பார்த்துவிட்டு, சதுப்பு வாயுவாக இருக்கலாம் என்றார். அழுகும் தாவரங்களிலிருந்து வரும் மெதேன், பொஸ்பீன் வாயுக்கள் எரிவதால் தெரியும் மெல்லிய ஒளி. நாடே சிரித்தது, கார்ட்டூன் போட்டார்கள். ஆக, நம்மூரில் படித்தவர் கொள்ளிவாய்ப் பேயைப் பார்த்துச் சிரித்து அது வாயு என்கிறார். அங்கே படித்தவர் வாயு என்றதும் ஊரே சிரித்து ஏலியன் என்கிறது. அந்த ஒளியை ஆய்வுகூடத்தில் அச்சொட்டாக வரவழைப்பது வேதியியலாளருக்கும் இலகுவாக இருந்ததில்லை. எப்படியும் அது தரையோடு தவழும் மங்கல் ஒளி. பெரியப்பா கண்டது அதுவல்ல.

அவர் கண்டது என்ன? எனக்குக் கிட்டத்தட்ட நிச்சயம், வெள்ளி. 2004 மாசி, பங்குனியில் வெள்ளிக் கிரகம் மாலை வானத்தில் மேற்கே மிகப் பிரகாசமாக இருந்தது. மார்ச் கடைசியில் சூரியனிலிருந்து அதிகம் விலகியும் நின்றது. சூரிய சந்திரருக்கு அடுத்து அதுதான் பிரகாசமானது. அடிவானத்துக்குக் கிட்ட வரும்போது அடர்ந்த காற்றுக்கூடாக வரும் ஒளி உடைந்து சிவப்பும் பச்சையுமாக மின்னும். வெகு தூரத்துப் பொருள் ஆகையால் தோணி நகர்ந்தால் கரை பின்னால் போகும், அது மட்டும் கூட வருகிற மாதிரி இருக்கும். பஸ்ஸில் போகும்போது நிலவு துரத்துகிற கதைதான். பிறகு ஒழுங்காக மேற்கில் அஸ்தமித்தது. படுவான்கரை என்ற பெயரே பொழுது படுகிற கரை என்பதுதானே.

கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு காட்சியும் கிடைக்கும். ஸ்ரீஹரிகோட்டா மட்டக்களப்பிலிருந்து ஏறக்குறைய 700 கிலோமீற்றர். துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட்டுகள் இலங்கைக்கு மேலால் பறக்காமலிருக்க முதலில் தென்கிழக்காகப் போய் நடுவில் வளைகின்றன, எங்களுக்குக் கிழக்கே கடலுக்கு மேலே. விடியலுக்குச் சற்று முன்னோ பொழுது பட்ட கையோடோ ஏவினால், தரை இருட்டியிருக்கும், உயரே போகும் புகைக்கு மட்டும் வெயில் படும். வானத்தில் பெரிய சொறிமுட்டை, அதாவது ஜெல்லி மீன், மிதப்பது போல விரியும். முதல் தடவை பார்ப்பவர் கும்பிட்டாலும் குற்றம் சொல்ல முடியாது. 2019 மேக்குப் பிறகு ஸ்டார்லிங்க் செய்மதிகள் வேறு சரம் கட்டிப் போகின்றன. வட்ஸ்அப்பில் எனக்கு வரும் 'மர்ம வெளிச்சம்' வீடியோக்களில் பாதி அந்தச் சரம்தான். மிச்சத்தில் ட்ரோன் ஒரு பங்கு, கலியாண வீட்டு வாணவேடிக்கை ஒரு பங்கு.

இவ்வளவு சொன்னாலும் எல்லாம் தீர்ந்துவிடாது. அமெரிக்க விமானப்படை 1969இல் தன் விசாரணையை மூடியபோது கையில் இருந்த 12,618 முறைப்பாடுகளில் 701 அடையாளம் காணப்படாமல் நின்றன. விளக்கம் கிடைக்கவில்லை என்றால் விளக்கம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த 701க்கும் ஜின்னையோ ஏலியனையோ பங்கு வைத்துக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. முதலில் வாயு என்று சொல்லிச் சிரிப்புக்கு ஆளான ஹைனெக்கே பிற்காலத்தில் இந்த மிச்சத்தால் மனம் மாறி, வேறு பரிமாணம் பற்றியெல்லாம் பேசத் தொடங்கினார்.

கண்ணால் கண்டதாக ஓர் ஊரே சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்பதில் கிழக்கு மாகாணத்தாருக்கு அனுபவம் உண்டு. 2011 ஓகஸ்டில் கிறீஸ் மனிதன் வந்தான். உடம்பெல்லாம் கிறீஸ் பூசி, மதில் பாய்ந்து, பெண்களைக் கீறிவிட்டு ஓடுகிறவன். சிலர் அவன் காலில் ஸ்பிரிங் இருக்கிறது என்றார்கள். இரவிரவாக இளைஞர்கள் பொல்லோடு காவல் இருந்தோம். ஓம், நானும் இருந்தேன். பொத்துவில் வரை பொலிஸோடு மோதல் நடந்தது, சந்தேகத்தில் பிடித்தவர்களை ஊர் கூடி அடித்தது. 1837, 38இல் லண்டனும் இதே மாதிரி ஸ்பிரிங் கால்காரன் ஒருவனுக்குப் பயந்து கிடந்தது. பின்னாளில் பறக்கும் தட்டுக்காரர்கள் அவனையும் ஏலியன் ஆக்கினார்கள். எங்கள் கிறீஸ் மனிதனை யாரும் ஏலியன் ஆக்கவில்லை. முப்பது வருச யுத்தம் முடிந்த கையோடு வந்தவனை நாங்கள் வேறு யாருடைய ஆள் என்று நினைத்தோம் என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். 1958இல் கார்ல் யுங், வானத்தில் தெரிவது எதுவானாலும் அதில் தெரிகிற உருவம் காண்பவரின் காலத்துக் கவலையைக் காட்டும் என்ற கருத்தில் எழுதினார். தட்டைப் பற்றி அவர் சொன்னதை விட அன்று பொல்லோடு நின்ற எங்களுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

போன வருசம் பெரியப்பாவிடம் வெள்ளி விஷயத்தைச் சொன்னேன். போனில் வானப்படம் போட்டு, 2004 பங்குனிக்குத் திகதியைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வடிவாகப் பார்த்தார்.

"சரி மனே, வெள்ளியாத்தான் இருக்கும். மறுகா, நீ ஆத்துல பாட்டுக் கேட்டிருக்கியா?"

மட்டக்களப்பு வாவியில் பூரணை இரவுகளில் பாடுவதாகச் சொல்லப்படும் பாடுமீனைக் கேட்கிறார். 1848இல் இங்கே வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், இரவில் தோணியின் பலகையில் காதை வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுதி வைத்தார், ஈர விரலால் வைன் கிளாஸின் விளிம்பைத் தேய்த்தால் வரும் ஓசை போல என்று. அவருக்கு மீனவர்கள் மீனைச் சொல்லவில்லை, ஊரி என்ற ஓட்டு நத்தையைச் சொன்னார்கள். பிறகு மட்டக்களப்பில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் ஒருவர் தண்ணீருக்குள் ஒலிவாங்கி இறக்கிப் பதிவும் செய்தார். பாடுவது எது என்பதில் இன்னும் சண்டை. ஆனால் இந்த மர்மத்துக்கு ஒரு பிடி இருக்கிறது. பூரணை எப்போது என்று பார்த்து, அதே இடத்துக்கு இன்னொருவரைக் கூட்டிப்போய்க் கேட்கச் சொல்லலாம்.

பூரணைக்கு இரண்டு நாள் கழித்து கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியில் போனோம். பெரியப்பா துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மறுமுனையைக் காதில் வைக்கச் சொன்னார். வைத்தேன். ஏதோ ஒன்று மெல்லிசாக, விட்டு விட்டுக் கேட்டது. பாலத்தில் லொறி போன அதிர்வாகவும் இருக்கலாம். அவர் துடுப்பை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு, பேசாதே என்று கையைக் காட்டினார்.